பேரேட்டில் கூடிய நாலு வயது

என்னை வேலைக்குத் திரும்ப அழைத்த கடிதத்தை எழுதியவன் நான்தான்.

அப்போது நான் தலவாக்கலையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் வாடகை அறையில் இருந்தேன். தேயிலைத் தோட்டத்துத் தலைமைக் கிளாக்கர் வேலையிலிருந்து ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். மூச்சிழுப்பு நோய் இருப்பதால் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த பெரியதுரைக்குச் சம்பளம் குறைந்த ஆள் ஒருவன் வேண்டியிருந்தது என்பதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேலையோடு கிளாக்கர் வீடும் போயிற்று. மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டாள். மாடி ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம். மூடினால் கீழே அடுக்கியிருக்கும் புடவைகளின் கஞ்சி வாசனை. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் போகும் பஸ்களின் நேரம் எனக்கு மனப்பாடம். ஒன்றிலாவது ஏறிப் போக எனக்குக் காரியம் இருந்ததில்லை.

பதினோராவது மாதம், என் இடத்துக்கு வந்திருந்த இளைஞன் நனைந்த குடையோடு மாடியேறி வந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், கணக்கில் கெட்டிக்காரன், கடிதம் எழுதச் சொன்னால் வியர்க்கும்.

"ஐயா, துரை ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். நான் எழுதிக்கொண்டு போனதை ரெண்டு தரம் கிழிச்சுப் போட்டார். நீங்கள் ஒருக்கா எழுதித் தந்தால் பெரிய உதவியாய் இருக்கும்."

"யாருக்குக் கடிதம்?"

அவன் குடையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்குத்தான்."

ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் ஒருவரை மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாகத் திரும்ப அழைக்க ஒரு முறை உண்டு. உடல்நலக் காரணம் காட்டி அனுப்பியிருந்தால், உடல் தேறிவிட்டது என்று அதே டாக்டர் எழுத வேண்டும். பழைய சேவை முடிந்த சேவை, புதிய சேவை வேறு சேவை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முறைப்படி எழுதினேன். கடைசியில், கிளாக்கர் வீட்டின் பின்பக்கத்து அறை குடியிருக்கத் தரப்படும் என்று ஒரு வரி சேர்த்தேன். துரை அப்படிச் சொல்லியனுப்பவில்லை. ஆனால் கையெழுத்தாகி வந்தது.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளர்களின் பதிவேட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். அதில் பேர் இருந்தால் வேலை உண்டு, லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, உண்டு. பேர் வெட்டுப்பட்டால் ஆறு மாதத்தில் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். அல்லது அதே காம்பராவில் பேர் பதிந்த பிள்ளையோ பேரனோ பேத்தியோ இருக்க வேண்டும். பெரியதுரை வந்த புதிதில் செக்ரோல் தடித்துக் கிடப்பதாகக் கண்டுபிடித்தார். பெண்களுக்கு ஐம்பத்தைந்து என்றிருந்த ஓய்வு வயதை ஐம்பதாக்கினார். முப்பது பெண்களுக்கு மேல் ஒரே மாதத்தில் வீட்டுக்குப் போனார்கள். கொழும்பிலிருந்த கம்பெனி அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதியது. அதைக் கோப்பில் சேர்த்தவன் நான். அடுத்த மாதம் என்னுடைய ஓய்வுக் கடிதம் அதன்மேல் ஏறியது.

மறு வருடம் மழை தாராளமாகப் பெய்தது. கொழுந்து பொங்கியது. பிரஜாவுரிமை மனு தள்ளப்பட்ட குடும்பங்கள் சில அந்த நேரம் பார்த்துத் தட்டுமுட்டுச் சாமானோடு தலைமன்னார் ரயில் ஏறி இந்தியாவுக்குப் போயிருந்தன. பறிக்கக் கை போதவில்லை. மேல்மலையில் கொழுந்து முற்றி இலையாகிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை டீமேக்கர் தினமும் ஆபீசுக்கு வந்து ஒரு கைப்பிடி முற்றிய இலையைத் துரையின் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்.

"கிளாக்கர், ஓய்வு கொடுத்த பெண்களை மலைக்குத் திரும்பக் கூட்டி வாரும். நீர் சொன்னால் கேட்பார்கள்" என்றார் துரை.

"அந்த ஐம்பது வயது விதி?"

"விதி அப்படியே இருக்கும்."

பாராட்டு வாங்கிய விதியை ஒரே வருடத்தில் தானே ரத்துச் செய்து கம்பெனிக்கு எழுத அவரால் முடியாது. அவருடைய இக்கட்டு எனக்குப் புரிந்தது. புரிந்துகொள்வதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

மறுநாள் லயங்களுக்கு நடந்தேன். முதல் லயத்தின் வாசலில் மூன்று பெண்கள் வெயிலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கய்யா. ஒங்களயும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம்."

"மறுபடி கூப்பிட்டாங்க."

"இப்ப நீங்க எங்களக் கூப்பிட வந்திருக்கீங்க."

"ஆமா."

"யான புடிக்கிற கததான்" என்றாள் நடுவில் இருந்தவள். "மொதல்ல ஒண்ணப் புடிச்சிப் பழக்கிக்குவாங்களாம். அப்பறம் அதையே காட்டுக்குள்ள அனுப்பி மத்ததக் கூட்டியாரச் சொல்லுவாங்களாம்."

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"தொரகிட்ட ஒண்ணு கேளுங்கய்யா. போன வருசம் எங்களக் கெழவிங்கன்னு வெரட்டுனாரு. இந்த வருசம் கொழுந்து கூடுனதும் நாங்க கொமரியாயிட்டமா?"

வழி அந்தக் கேலியில்தான் கிடைத்தது.

அவர்களில் பெரும்பாலோர் செக்ரோல் சொல்லும் வயதுடையவர்கள் அல்லர் என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய சிறுவயதில், பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்குப் பேர் பதிய மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் கிடையாது. ஆகவே ஒரு பரீட்சை வைத்திருந்தார்கள். பிள்ளையின் தலையில் கயிற்றைப் போட்டு முதுகில் கொழுந்துக் கூடையைத் தொங்கவிடுவார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பிள்ளை பத்து எட்டு நடக்க வேண்டும். கூடையின் அடி கெண்டைக்காலில் இடிக்காவிட்டால் பன்னிரண்டு வயது. தகப்பன்மார் முதல்நாளே கயிற்றைச் சுருக்கி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை இடிக்காமல் நடந்து பன்னிரண்டாகிவிடும். அரைநாள் கூலியான அரைப்பேர் வாங்கத் தொடங்கும். அன்றைக்கு ஏற்றிய நாலு வயது, நாற்பது வருடம் கழித்து அவர்களை நாலு வருடம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பியது.

ஆகவே விதியைத் தொட வேண்டியதில்லை. வயதைத் திருத்தினால் போதும். பிறந்த காலம் தெரிந்த இரண்டு பெரியவர்கள் வர வேண்டும். பட்டணத்துச் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அதை வைத்து செக்ரோலில் சிவப்பு மையால் திருத்தம். ஐம்பத்தொன்று நாற்பத்தேழாகும். பேர் திரும்ப ஏறும். துரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, நான் ஓய்வு பெற்றது தோட்டத்துக்கு நஷ்டம் என்றார். அதைச் செய்தது வேறு யாரோ என்பதுபோல.

நாலு வயதைக் குறைத்தாலும் ஐம்பது தாண்டுகிறவர்களையும் ரயில் ஏறிவிட்டவர்களையும் விட்டு ஒரு பட்டியல் போட்டேன். இரண்டு வாரத்தில் இருபத்தாறு பெண்களை இளமையாக்கினேன். எல்லாருக்கும் சத்தியம் செய்ய வந்த பெரியவர்கள் அதே இருவர்தான். எல்லாருடைய பிறப்பையும் நேரில் பார்த்தவர்கள்போல நீதவானிடம் தலையாட்டினார்கள். பொய் என்று சொல்ல முடியாது. பழைய பேரேட்டில் இருந்ததைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

பட்டியலில் ஒருத்தி மிஞ்சினாள்.

லயத்தின் கடைசி அறையைத் தொங்கல் காம்பரா என்பார்கள். மலைச்சரிவின் தண்ணீர் முதலில் அங்கேதான் இறங்கும். அதில் அவள் தனியாக இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய் வெகுகாலம். ஒரே மகளைப் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அவன் காம்பராவில் ஏற்கெனவே எட்டுப் பேர். இவளுடைய பேர் வெட்டுப்பட்டு ஆறு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. ஒழுகுகிற காம்பராவை வேறு யாரும் கேட்கவில்லை என்பதால் இருந்துகொண்டிருந்தாள். வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை இரண்டு முறை வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் முறை வந்தால் பூட்டோடு வருவார்.

அவளைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்ற வருடத்திலேயே எங்களைப் பிரஜைகள் அல்ல என்று சட்டம் செய்தார்கள். அடுத்த வருடம், விரும்பினால் மனுப் போடலாம் என்று இன்னொரு சட்டம் செய்தார்கள். தோட்டத்து மனுக்கள் எல்லாவற்றையும் எழுதியவன் நான். மற்றப் பெண்களுக்கெல்லாம் புருஷன் போட்ட மனு; அது ஏற்கப்பட்டோ தள்ளப்பட்டோ முடிந்துவிட்டது. இவள் விதவை என்பதால் தன் பேரில் போட்டிருந்தாள். அது இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அதில் செக்ரோலைப் பார்த்து நான் எழுதிய வயது இருந்தது. இப்போது தோட்டத்தில் வயதைக் குறைத்தால் மனுவில் ஒரு வயது, தோட்டத்தில் ஒரு வயது ஆகிவிடும். ஒரு தேதி பிசகியதற்காகத் தள்ளிய மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். என்னுடைய மனு தள்ளப்படவில்லை. என் தகப்பனாரும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். என் பிறப்பை ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப ரெண்டுல ஒண்ணுதானாங்க எனக்கு?"

"ரெண்டுமே கெடைக்கலாம். அவங்க கவனிக்காம விட்டா."

"கவனிச்சா?"

"பிரஜாவுரிம கெடைக்காது."

"கெடைக்கலேன்னா இந்தியாவுக்குப் போன்னுவாங்க. அங்க எனக்கு யாரத் தெரியும்? எம் மக இங்கல்ல இருக்கா." கூரை ஒழுக்குக்கு வைத்திருந்த சட்டியை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்தாள். "நீங்களா இருந்தா என்னங்க செய்வீங்க?"

ஒரு பின்பக்கத்து அறைக்காகத் திரும்பி வந்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. பட்டியலில் உள்ள எல்லாரையும் கொண்டுவருவதாகத் துரையிடம் வேறு சொல்லியிருந்தேன்.

"மொதல்ல காம்பராவக் காப்பாத்திக்க" என்றேன். "விசாரண வர இன்னும் எத்தனையோ வருசமாகும்."

அவள் மறுநாள் பட்டணத்துக்கு வந்து ரேகை வைத்தாள். அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் நின்றாள். விசாரணைக் கடிதம் அதிலிருந்து ஏழாம் மாதமே வந்தது.

நுவரெலியாவில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். நான் செக்ரோலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் திருவிழாச் சேலை கட்டியிருந்தாள். போகும் வழியெல்லாம் எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவர்களைப் பார்த்து, "ரெண்டு எலையோட முத்துனதையும் சேத்துப் பறிக்கிறாளுங்க" என்று குறை சொல்லிக்கொண்டு வந்தாள். பயத்தில் பேசுகிறாள் என்பது தெரிந்தது.

விசாரணை அதிகாரி சிங்களவர், நாற்பது வயது இருக்கும், நிதானமான மனிதர். எனக்கு நாற்காலி காட்டினார். அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு அவளுக்கும் ஒன்று போடச் சொன்னார். அவள் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பழைய மனு. மற்றது நீதவானிடமிருந்து வந்திருந்த சத்தியக் கடதாசியின் பிரதி.

"இரண்டும் ஒரே கையெழுத்து" என்றார் ஆங்கிலத்தில்.

"என்னுடையது."

"எது சரி?"

"இரண்டாவது."

"அப்படியானால் முதலாவது பொய்."

"முதலாவது செக்ரோலில் இருந்த வயது."

"செக்ரோல் யார் எழுதியது?"

பழைய செக்ரோல் பூஞ்சணம் பிடித்துப் போனதால் நாற்பதுகளில் அதைப் புதிதாகப் பெயர்த்து எழுதியவனும் நான்தான். அதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் கூட்டல் சரியாக வராத பக்கத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவளைக் கேட்கும்படி மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்.

"ரெண்டு தாள்லயும் ரேகதாங்க என்னுது" என்றாள் அவள். "வயசு இந்த ஐயா எழுதினது. எங்கிட்ட யாரும் கேக்கல."

"இப்பக் கேக்கிறார். உன் வயசு என்ன?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஆத்துப் பாலத்த வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போன வருசம் நான் கைப்புள்ளன்னு எங்கம்மா சொல்லும்."

"அந்தப் பாலம் எத்தனையோ தரம் போயிருக்கே" என்றார் மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்கு.

"மொதத் தரம் போனதுங்க."

அதிகாரி சிரித்தார். மனுவை அவர் தள்ளவில்லை. தள்ளியிருக்கலாம், தள்ளுவதற்கு வேண்டிய எல்லாம் மேசையில் இருந்தன. பிறப்புப் பதிவு எங்காவது அகப்படுகிறதா என்று தேடும்வரை விசாரணையை ஒத்திவைப்பதாகச் சொன்னார். தோட்டத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். விசாரணை முடியும்வரை இந்த மனுதாரரைப் பற்றிய எந்தப் பதிவிலும் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. இரண்டு பத்திரங்களையும் எழுதிய கிளாக்கர் கூப்பிட்டதும் வரத் தோட்டத்திலேயே இருக்க வேண்டும்.

வெளியே வந்து பஸ் நிலையத்துக் கடையில் அவளுக்குப் பிளேன்டியும் பணிசும் வாங்கிக் கொடுத்தேன்.

"வேல போவாதுல்லங்க?"

"போவாது. பேர யாரும் வெட்ட முடியாது."

"காம்பரா?"

"அதையும் தொட முடியாது."

"அப்ப இந்தக் கச்சேரித் தொர நல்லவருதான்" என்று பணிசில் பாதியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நானும் அதை வெற்றி என்றுதான் நினைத்தேன். பெரியதுரை கடிதத்தை வாசித்துவிட்டு ஏற்கெனவே இரண்டு தரம் நீட்டியிருந்த என்னுடைய மூன்று மாதத்தை விசாரணை முடியும்வரை என்று நீட்டினார். பின்பக்கத்து அறையில் அலமாரி ஒன்று வாங்கிப் போட்டேன்.

பிறப்புப் பதிவு தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. மாவட்டப் பதிவாளருக்கு எழுதினேன். குறித்த வருடம் தேவை என்று பதில் வந்தது. வருடம் தெரியாததால்தான் தேடுகிறோம் என்று எழுதினேன். ஐந்து மாதம் கழித்து, அந்தக் காலத்துத் தோட்டப் பிறப்புகள் வேறு புத்தகத்தில் இருக்கக்கூடும் என்று பதில் வந்தது. அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். கச்சேரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். பரிசீலனையில் இருப்பதாக ஒரு வரி வரும். நிதானமான அதிகாரி மாறிப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் கோப்பை வாசித்து முடிப்பதற்குள் அவரும் மாறினார்.

அவளோடு மலைக்குத் திரும்பிய பெண்கள் ஒவ்வொருவராகத் திருத்திய வயதுப்படி மறுபடியும் ஐம்பதை எட்டினார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை ஓய்வு பெற்றது எங்கள் தோட்டத்தில்தான் இருக்கும். யானைக் கதை சொன்னவள் போகும்போது, "அடுத்த தடவ கூப்பிட வந்தா கல்லக் கொண்டு எறிவேன், சொல்லிட்டேன்" என்று விடைபெற்றாள்.

தொங்கல் காம்பராக்காரி மட்டும் கொழுந்து பறிக்கும் நிரையில் நின்றாள். முதல் வயதைப் பார்த்தாலும் இரண்டாம் வயதைப் பார்த்தாலும் அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனால் எந்தப் பதிவிலும் எந்த மாற்றமும் கூடாது. பேரை வெட்டுவதும் மாற்றம். மேட்டில் ஏற முடியாமல் முட்டி வீங்கியபோது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கூட்டும் வேலையாவது கொடுக்கலாமா என்று கணக்கப்பிள்ளை கேட்டார். கொழுந்துக்காரி என்று பதிந்திருப்பதைக் கூட்டுகிறவள் என்று எழுதினால் அதுவும் மாற்றம். பெரியதுரை சீமைக்குப் போய்விட்டார். அடுத்து வந்த துரை கடிதத்தைப் படித்துவிட்டு, "முடியும்வரை தொட வேண்டாம்" என்று திருப்பி வைத்தார். கச்சேரியோடு வம்பு எதற்கு என்பது அவர் நியாயம்.

படங்கு என்ற சாக்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி, ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டே அவள் மேலே ஏறுவது ஆபீஸ் ஜன்னலிலிருந்து தெரியும். பத்து மணிக்குள் குறித்த எடை சேராவிட்டால் அவளுக்கு அரைப்பேர்தான். எட்டு வயதில் வாங்கியதும் அதுதான். நான் ஜன்னல் பக்கம் முதுகு இருக்கும்படி மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

என் நிலைமையும் கிட்டத்தட்ட அப்படித்தான். இழுப்பு கூடிவிட்டது. கிளாக்கர் வீட்டின் முன்பக்கத்தில் அந்த யாழ்ப்பாணத்து இளைஞன் கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகளும் பெற்றுவிட்டான். பின்பக்கத்தில் நான் விசாரணை முடியும்வரைக்கான ஆள். போக இடமும் இல்லை, போகச் சொல்ல ஆளும் இல்லை.

அறுபதுகள் பிறந்து இரண்டொரு வருடம் ஆகியிருக்கும். பூண்டுலோயாவிலிருந்து அவளுடைய பேத்தி வந்து தொங்கல் காம்பராவில் தங்கினாள். பதினைந்து வயது, சுறுசுறுப்பு. அந்த வருடம் தோட்டத்தில் ஒரு பேர் போனால்தான் ஒரு பேர் பதிவார்கள். அதுவும் மாதக் கடைசியோடு நிறுத்தம் என்று துரை அறிவித்திருந்தார். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. ஒரு காலை, பறித்துக்கொண்டிருந்த நிரையை விட்டிறங்கிக் கிழவி பேத்தியோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, எம் பேர வெட்டிட்டு இவ பேரப் போட்டுடுங்க."

"விசாரண முடியாம வெட்ட முடியாது. ஒனக்குத் தெரியாததா?"

"எப்ப முடியும்?"

"தெரியாது."

"நான் செத்தா முடியுமா?"

"முடியும். ஆனா அப்ப காம்பரா தோட்டத்துக்குப் போயிடும். இவளுக்குப் பேரு இல்லையே."

"அப்ப உசுரோட முடிக்கிறதுக்கு வழியே இல்லையா?"

எனக்குத் தெரிந்த நடைமுறைகளிலேயே மிக எளியது அது. அரைப்பக்கக் கடிதம்; ஒரு ரேகை; முத்திரைகூடத் தேவையில்லை.

"இருக்கு" என்றேன். "பிரஜாவுரிம மனு வேணாம்னு நீயே எழுதிக் குடுத்தா விசாரண அதோட முடிஞ்சிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். "இது ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேருந்தே."

"சொல்லலியே."

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்லல. அந்த மனு இல்லேன்னா ஒனக்கு இந்த நாட்டுல ஒரு பிடியும் இல்ல. எப்ப வேணும்னாலும் கப்பலேறச் சொல்லலாம்."

"விசாரண முடிஞ்சா ஒங்க வீடும் போயிடும்ல?"

"போயிடும்."

"அதான பாத்தேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். தராசில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். பேத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா யோசிச்சுக்க. ஒரு மாசம் கழிச்சு வந்து மறுபடி குடுன்னு கேட்டா கெடைக்காது."

"என்னத்த யோசிக்கிறதுங்க? இவ அப்பனுக்குப் பிரஜாவுரிம இருக்கு. இவள யாரும் போவச் சொல்ல முடியாது. காம்பரா இவ பேருல இருக்கட்டும். என்னக் கூப்பிட்டா அப்பப் பாத்துக்குவோம். இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் எங்க ஓடப் போறேன். எழுதுங்க."

தாளை எடுத்தேன். பெயர், தகப்பன் பெயர், மனு இலக்கம், எல்லாம் எழுதி வந்து ஓரிடத்தில் நின்றேன்.

"காரணம் எழுதணும்."

"முட்டி வலின்னு எழுதுங்க."

"முட்டி வலிக்குதுன்னு யாரும் ஒரு நாட்ட வேணாம்னு சொல்ல மாட்டாங்க. சொந்தக் காரணம்னு எழுதுறேன். அதான் வழக்கம்."

"எனக்கு அதாங்க காரணம். இத்தன வருசமா ஒங்க வழக்கப்படியே எழுதிட்டீங்க."

முட்டி வலியால் மலை ஏற முடியவில்லை, ஓய்வு பெற விரும்புகிறேன், ஆகவே மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அது இன்னும் அபத்தமாக இருந்தது. தமிழில் வாசித்துக் காட்டினேன். சரி என்றாள். கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தாள். பல வருடம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை என்று சொல்லிக்கொள்ள ஏதும் மிஞ்சியிருக்கவில்லை. ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. இன்னொரு தரம் வைக்கச் சொன்னேன். அப்போதும் அதே வட்டம்.

"போதுமா?"

"போதும்."

"மணி என்னங்க?"

"ஒம்பதரை."

விரலைப் படங்கில் துடைத்துக்கொண்டாள். பத்துக்குள் எடை சேராவிட்டால் இன்றைக்கு அரைப்பேர்தான் போடுவான் என்று சொல்லிக்கொண்டே வாசலில் வைத்திருந்த கூடையை மாட்டினாள். பேத்தி கையைப் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தட்டிவிட்டாள்.

தபால் பை பதினொரு மணிக்குத்தான் போகும். ஒன்றரை மணி நேரம் அந்தக் கடிதம் என் மேசையில் இருந்தது. மாதக் கடைசி தாண்டும்வரை அதை வைத்துக்கொண்டிருக்க எனக்கு எத்தனையோ முறைகள் தெரியும். ரேகை தெளிவில்லை என்ற ஒன்றே போதும். அலமாரியையும் அறையையும் தலவாக்கலை மாடியையும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். பை கட்டும் நேரத்தில் உறையை ஒட்டி உள்ளே போட்டேன்.

மனு திரும்பப் பெறப்பட்டதை ஏற்றுக்கொண்டதாகக் கச்சேரியிலிருந்து ஐந்தாம் நாள், மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கும்போதே, பதில் வந்தது. என் உத்தியோக காலம் முழுவதிலும் அந்த இடத்திலிருந்து அவ்வளவு விரைவாக வந்த பதில் வேறில்லை.